மலைநாட்டுத் தடங்கள்: காசல்ரீ கரையில் ஒரு கற்கோவில்

ஹட்டனில் இருந்து நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் டிக்கோயாவைக் கடந்ததும் கண்ணாடிப் பக்கம் சாய்ந்து உட்காருவார்கள். வனராஜாவை நெருங்கும்போது தேயிலைச் சரிவுகளுக்கு இடையில் காசல்ரீ நீர்த்தேக்கம் விரிகிறது. அதன் கரைமேட்டில் வார்லி தோட்டத்தின் தேயிலை நடுவே கருங்கல் சுவரோடு நிற்கிறது ஒரு சிறிய ஆலயம். முற்றத்தில் பழைய கல்லறைகள், உள்ளே நிறக்கண்ணாடிச் சாளரங்கள், மரத்தால் ஆன கூரைச் சட்டங்கள், ஒரு பழைய ஆர்கன். வார்லி கிறிஸ்து ஆலயம் என்று பெயர். கட்டிய ஆண்டு 1878.

இன்று மலையகத்தைப் பார்க்க வருகிறவர்கள் பலர் இந்த ஆலயத்தையும் அதன் பின்னால் தெரியும் நீரையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஏரிக்கரையில் கட்டிய கோவில் என்றுதான் அந்தப் படம் பார்ப்பவருக்குச் சொல்லும். உண்மையில் ஆலயம் எழுந்தபோது கீழே ஏரியே இல்லை. பள்ளத்தில் கெஹெல்கமு ஓயா ஓடிக்கொண்டிருந்தது. நீர் மேலே ஏறி வந்தது 1965இல், 87 ஆண்டுகள் கழித்து. இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மலையகத் தமிழரின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு மேட்டில் இருந்தே தெரிகிறது.

கோப்பியின் கடைசி நல்ல நாட்கள்

1878இல் டிக்கோயா கோப்பி நாடு. கண்டியைச் சுற்றிய பழைய தோட்டங்கள் நிரம்பிய பிறகு, 1860களில் துரைமார் இந்தப் பள்ளத்தாக்குக் காடுகளை வெட்டி எரித்துக் கோப்பி போட்டார்கள். ரயில் அப்போது நாவலப்பிட்டி வரைதான். அங்கே அது வந்தது 1874இல். ஹட்டனுக்கு ரயில் வர 1884 ஆகும். அதுவரை கோப்பி மூட்டை கீழே போவதும் அரிசி மூட்டை மேலே வருவதும் மாட்டுவண்டியிலும் மனிதத் தலையிலும்தான்.

வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அது பொற்காலம். கோப்பி நல்ல விலைக்குப் போனது, புதிய நிலங்கள் ஏலத்தில் பறந்தன. தனிமையில் வாழ்ந்த துரைமார் ஞாயிற்றுக்கிழமை கூடுவதற்கு ஓர் ஆலயம் வேண்டும் என்று நினைக்கும் அளவுக்குக் கையில் பணமும், இங்கேயே நிலைத்துவிடுவோம் என்ற நம்பிக்கையும் இருந்தன. கல்லால் கட்டியதே அந்த நம்பிக்கையைக் காட்டுகிறது. பத்து ஆண்டில் மூட்டை கட்டிப் போக நினைப்பவன் பலகையால் கட்டியிருப்பான்.

ஆனால் நோய் ஏற்கெனவே வந்துவிட்டது. கோப்பி இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடியாகப் படிந்து இலையை உதிர்த்த அந்தப் பூஞ்சணம் இலங்கையில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1869இல். செடி உடனே சாகவில்லை; ஆண்டுக்கு ஆண்டு காய்ப்பு குறைந்தது. விலை ஏறிக்கொண்டே போனதால் குறைந்த விளைச்சலின் இழப்பு சில காலம் தெரியாமல் இருந்தது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளரை அரசாங்கம் வரவழைத்தது. நோயின் வாழ்க்கைச் சுற்றை அவர் தெளிவாக விளக்கினார். மருந்து சொல்ல அவரால் முடியவில்லை. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் பாங்க் கதவைச் சாத்தியது. வார்லி ஆலயம் எழும்பி ஆறே ஆண்டுகளில், அதைக் கட்டவைத்த பயிர் மடிந்துபோனது.

தாது வருஷத்துச் சனங்கள்

அதே ஆண்டுகளில் மலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் யார்? தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் 1876 – 78 பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பட்டினிக்காடாக்கிக் கொண்டிருந்தது. அதற்கு முன்பும் கோப்பிப் பழக் காலத்தில் வந்து, பறித்து, திரும்பிப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பஞ்ச ஆண்டுகளில் வந்தவர்களுக்குத் திரும்பிப் போக ஊரில் எதுவும் மிஞ்சவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறினார்கள். காலராவும் அம்மையும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. கங்காணியின் கடன் கணக்கோடு தோட்டத்துக்குள் வந்தவர்கள், கடன் தீர்ந்ததாகத் துரை துண்டு கொடுத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம்.

வார்லி ஆலயச் சுவருக்கு இந்த மேட்டில் கல் ஏறிய நாட்களும், பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் டிக்கோயா லயங்களில் குடியேறிய நாட்களும் ஒன்றே. இந்தப் பள்ளத்தாக்கில் காடு வெட்டியதும், பாதை போட்டதும், கான் வெட்டியதும், மூட்டை சுமந்ததும் யார் கைகள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆலயத்து முற்றத்தில் கல்வெட்டோடு படுத்திருப்பவர்கள் துரைமாரும் அவர்கள் வீட்டுக்காரரும். தோட்டத்துச் சனங்கள் இறந்தால் தோட்டத்து மயானத்தில் ஒரு மண்மேடு. இரண்டு மழைக்காலம் போனால் அந்த மேடும் தரையோடு தரை. அவர்களின் பெயர் எழுதப்பட்ட இடம் செக்ரோல் ஒன்றுதான். அதுவும் அன்றைக்கு வேலை செய்தாரா இல்லையா என்பதைக் குறிப்பதற்காக.

இந்தப் பள்ளத்தாக்கின் மேல்முனையில், பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய முற்றத்தில், உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1875இல் கணவர் சார்லஸ் ஹே கேமரனோடு இலங்கை வந்தவர் அவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. கோல்புரூக் – கேமரன் ஆணைக்குழுவின் கேமரனும் அவரே. 1879 ஜனவரியில் ஜூலியா காலமானார், மறு ஆண்டு கணவரும் அவருக்குப் பக்கத்தில் அடக்கமானார். இங்கிலாந்தில் அவர் படம்பிடித்த டென்னிசன், டார்வின் போன்றவர்களை உலகம் பெயர் சொல்லி அறியும். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் கொஞ்சமே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் நம்மை நேருக்கு நேர் பார்க்கும் உழைக்கும் மக்களின் முகங்கள் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதப்படவில்லை.

யார் மேய்ப்பர் என்ற சண்டை

துரைமாருக்கு ஆலயம் எழுந்தபோது, அந்தத் துரைமாரின் தோட்டங்களில் வேதம் சொன்னவர்கள் தமிழர்கள். 1854இல் தோட்டத்துரைமார் சிலர் சேர்ந்து ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதை நடத்தத் திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் அறிந்த செப்டிமஸ் ஹாப்ஸ் என்ற குருவானவரை சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கம் அனுப்பியது. திருநெல்வேலிச் சீமையில் இருந்தே உபதேசிமாரும் வந்தார்கள். லயங்களிலும் பிரட்டுக் களத்திலும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலும் பேசியவர்கள் இவர்கள். சம்பளச் செலவில் பெரும்பகுதியைத் துரைமாரின் சந்தா பார்த்துக்கொண்டது.

சனங்களில் மிகப் பெரும்பாலோர் மாரியம்மனையும் முனியாண்டியையும் விட்டுப் போகவில்லை. அது உபதேசிமாருக்கும் தெரியும். ஆனாலும் எழுத்துக் கற்றுக்கொடுத்த முதல் ஆள் பல தோட்டங்களில் உபதேசியார்தான். தோட்ட வாழ்க்கை அச்சில் ஏறத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். ஆபிரகாம் ஜோசப் என்பவரின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் வெளிவந்தது. கோப்பி நோய் கண்டுபிடிக்கப்பட்ட அதே ஆண்டு.

1875 டிசம்பரில் ரெஜினல்ட் ஸ்டீபன் கோப்பிள்ஸ்டன் கொழும்பு பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். வயது முப்பது. மறு ஆண்டு மலைநாட்டுக்கு வந்து பார்த்த அவருக்கு, தோட்டத்துரைமார் கமிட்டி நடத்தும் ஒரு மிஷன் தன் அதிகாரத்துக்கு வெளியே இருப்பது சரியாகப் படவில்லை. ஆங்கில ஆராதனை நடத்தும் மாவட்டக் குருமாரின் கீழேயே தமிழ் உபதேசிமாரும் வரவேண்டும் என்றார். சி.எம்.எஸ். குருமார் மறுத்தார்கள். தமிழ் தெரியாத, துரைமாருக்காக வந்த ஒரு குரு, லயத்தில் வேலை செய்யும் உபதேசியாரை எப்படி நடத்துவார் என்பது அவர்களின் கேள்வி. பிஷப் சி.எம்.எஸ். குருமாரின் உரிமங்களைத் திரும்பப் பெற்றார். இலங்கையில் மூண்ட சண்டை லண்டன் பத்திரிகைகள் வரை போனது. 1880இல் இங்கிலாந்தின் இரு பேராயர்களும் மூன்று பிஷப்புகளும் நடுவராக இருந்து முடித்துவைத்தார்கள்.

வார்லி ஆலயத்தின் கதவு திறந்தபோது இந்தச் சண்டை உச்சத்தில் இருந்தது. இரு தரப்பிலும் கடவுள் பக்தி உள்ளவர்களே இருந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் உரிமம், அதிகாரம், சந்தா, கமிட்டி பற்றி எழுதப்பட்டவற்றில் லயத்துச் சபையின் வாயில் இருந்து வந்த ஒரு சொல்லையும் நான் வாசித்ததில்லை. யார் மேய்ப்பது என்று எல்லோரும் பேசினார்கள். மேய்க்கப்படுகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

தேயிலை கொண்டுவந்த சபை

கோப்பி போன பிறகு ஆலயம் பாழாகியிருக்க வேண்டும். பல துரைமார் கடனாளியாகக் கப்பல் ஏறினார்கள். காப்பாற்றியது தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் வளர்த்துக் காட்டிய செடி, 1880களில் டிக்கோயா மலைகளை மூடியது. 1873இல் லண்டனுக்குப் போன முதல் பொதி 23 இறாத்தல் என்பார்கள். 1900க்குள் ஏற்றுமதி 10 கோடி இறாத்தலைத் தாண்டிவிட்டது.

இந்த மாற்றம் ஆலயத்தின் வாழ்க்கையையும் மாற்றியது. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்க ஆள் வேண்டும், மற்ற மாதங்களில் குறைவாக இருந்தால் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், கவ்வாத்து வெட்ட வேண்டும், புல்லுவெட்ட வேண்டும், ஆலை ஓட வேண்டும். அதற்குக் குடும்பமே நிலையாக இருக்க வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் லயத்தில் நிலைத்தார்கள். பிறப்பும் கல்யாணமும் சாவும் இங்கேயே நடந்தன. ஆண்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்த கூட்டம் தலைமுறை தலைமுறையாக வாழும் சமூகமானது. தோட்டத்து வேதக்காரருக்கு ஒரு வேதக்கோவில் தேவைப்பட்டது. துரைமாரின் ஆங்கில ஆராதனைக்காகக் கட்டிய கல் ஆலயங்களில் தமிழ்ப் பாட்டும் தமிழ் ஜெபமும் நுழைந்தது இந்த வழியில்தான்.

ஆங்கிலிக்கன் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதிவைப்பது. ஞானஸ்நானப் பதிவில் பிள்ளையின் பெயரோடு தாய் தந்தையர் பெயர், இருப்பிடம், தந்தையின் தொழில் ஆகியவையும் வரும். துரையின் பிள்ளைக்கும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அதே கட்டங்கள், அதே மை. கல்வெட்டில் இடம்பெறாத நம்மவர் சிலருக்காவது மலைநாட்டு ஆலயங்களின் அந்தப் பழைய ஏடுகளில் இடம் கிடைத்தது.

ஆறு ஏரியான கதை

இனி நீரின் கதை. டி. ஜே. விமலசுரேந்திர (1874 – 1953) காலியில் பிறந்த பொறியாளர். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளாக்பூலில் ஒரு சிறிய நீர்மின் நிலையத்தை 1912இல் அமைத்துக் காட்டினார். 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தின் முன் அவர் வாசித்த கட்டுரை மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா இரண்டின் நீரையும் மின்சாரமாக்க முடியும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது. காலனி அரசு இழுத்தடித்தது. 1920களில் தொடங்கிய வேலை நடுவில் நின்றது. 1931இல் அரச சபைக்குத் தெரிவாகி அங்கேயும் அவர் இதையே பேசினார். லக்ஷபானவில் முதல் மின்சாரம் வந்தது 1950இல். அதைக் கண்ணால் பார்க்க அவர் உயிரோடு இருந்தார்.

மலைநாட்டில் மழை ஆண்டு முழுக்க ஒரே அளவில் பெய்வதில்லை. தென்மேற்குப் பருவத்தில் ஆறு கரைபுரளும். ஜனவரி முதல் மார்ச் வரை மெலியும். ஆண்டு முழுக்க மின்சாரம் வேண்டுமானால் மழைக்கால நீரை மேலே எங்காவது கட்டிவைக்க வேண்டும். அதற்காகக் கெஹெல்கமு ஓயாவின் குறுக்கே கட்டியதுதான் காசல்ரீ அணை. 1965இல் வேலை முடிந்தது. இங்கே தேங்கும் நீர் சுரங்கக் குழாய் வழியாகக் கீழே இறங்கி நோர்ட்டன் பிரிஜ் அருகே 50 மெகாவாட் மின் நிலையத்தைச் சுழற்றுகிறது. அந்த நிலையத்துக்கு விமலசுரேந்திரவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதே நீர் நோர்ட்டன் குளத்தில் மறுபடி தேங்கி, பழைய லக்ஷபான நிலையத்துக்குப் போய் இரண்டாம் முறை வேலை செய்கிறது. பின்பு மஸ்கெலியாப் பக்கத்து நீரோடு சேர்ந்து களனி கங்கையாகக் கொழும்புக்கு வருகிறது.

அணை மூடியபோது ஆற்றோர நிலமும் பழைய தேயிலைச் சரிவுகளும் நீருக்குள் போயின. மேட்டில் இருந்ததால் ஆலயம் தப்பியது. முன்பு பள்ளத்தாக்கைப் பார்த்து நின்ற அதே கட்டடம் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு நீரைப் பார்த்து நின்றது. காசல்ரீ நீரில் பிறந்த மின்சாரம் கொழும்பின் வீதிகளை ஒளிரவைத்தது. அந்த நீரை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு கொழுந்து எடுத்தவர்களின் லயங்களில் பெரும்பாலானவற்றில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் குப்பிவிளக்குத்தான் எரிந்தது.

நீர் ஏறியபோது மனிதர் இறங்கினார்கள்

அணை வேலை முடியும் தறுவாயில் இன்னொரு காரியம் நடந்தது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரில் 9,75,000 பேரை எப்படிப் பிரிப்பது என்பதே அதன் பொருள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள். கோப்பிள்ஸ்டன் காலத்துச் சண்டையைப் போலவே இங்கும் யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காசல்ரீயில் நீர் நிரம்பிய பின்னர் வந்த ஆண்டுகளில் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை லயங்களில் குடும்பங்கள் பிரிந்தன. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் இருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்றே சனங்கள் சொன்னார்கள். போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலையிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். முந்தைய நூற்றாண்டில் பஞ்சத்தில் வந்த பாதையை இப்போது எதிர்த்திசையில், ஒப்பந்தத்தின் பெயரால், அவர்களின் பேரப்பிள்ளைகள் கடந்தார்கள். இங்கே தங்கியவர்களில் எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003இல்.

1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமை ஆனதும் கடைசித் துரைமாரும் போய்விட்டார்கள். வார்லி ஆலயம் பூட்டப்படவில்லை. அந்த மர இருக்கைகளில் இப்போது உட்காருகிறவர்கள் தோட்டத்துத் தமிழர்கள். கிறிஸ்மஸுக்குச் சோடிப்பதும், கல்லறைகளைச் சுற்றிப் புல் செதுக்குவதும் அவர்களே. தங்களுக்காகக் கட்டப்படாத ஒரு கட்டடத்தைத் தங்கள் உழைப்பால் தங்களுடையதாக்கிக்கொண்ட மக்கள் இவர்கள். அந்தத் துரைமாரின் கல்லறைகள் இன்றும் வாசிக்கக்கூடியதாக இருப்பதற்குக் காரணமும் இவர்கள்தான். சுற்றுலா வழிகாட்டிகள் இந்த ஆலயத்தை ‘ஆங்கிலேயர் விட்டுச்சென்ற நினைவுச்சின்னம்’ என்று அழைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் விட்டுப்போய் அரை நூற்றாண்டு ஆகிறது. இடையில் அதைத் தாங்கிநின்றவர்களைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டாமா?

செய்யக்கூடிய வேலை

2023இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்த வழியை மீண்டும் நடந்தது பெரிய காரியம். அதற்கு அடுத்த காரியம், நடந்துவந்த அந்த முன்னோர் யார் யார் என்று தேடி எழுதுவது.

அதற்கான ஏடுகள் முற்றிலும் இல்லாமல் போய்விடவில்லை. மலைநாட்டு ஆலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. சில தோட்டங்களில் பழைய செக்ரோல் புத்தகங்களும் பள்ளிக்கூட இடாப்புகளும் இன்னும் கிடைக்கின்றன. ஈரமும் கறையானும் அவற்றைத் தின்றுகொண்டிருக்கின்றன. டிக்கோயா, நோர்வூட் பாடசாலைகளின் உயர்வகுப்பு மாணவர்கள் ஆசிரியரோடும் குருவானவரோடும் சேர்ந்து, அனுமதி பெற்று, இந்தப் பக்கங்களைக் கைபேசியில் படம்பிடித்தாலே போதும்; பெயர்கள் தப்பிவிடும். அணைக்கு முந்திய பள்ளத்தாக்கைப் பார்த்த பாட்டன் பாட்டிமார் இன்னும் சில லயங்களில் இருக்கிறார்கள். நீருக்கு அடியில் எந்த மலை, எந்தப் பாதை, எந்தச் சாமி இருந்தது என்று சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை அவர்கள். இந்த வருடமே அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று இதை வாசிக்கும் இளைஞர்களை வேண்டிக்கேட்கிறேன். வார்லி ஆலயத்து முற்றத்தில் துரைமாரின் கல்லறைகளுக்குப் பக்கத்தில், அந்த ஏடுகளில் இருந்து எடுத்த தொழிலாளர் பெயர்களைத் தாங்கிய ஒரு கல் நடப்பட வேண்டும். 1878இல் எழுதாமல் விட்டதை நம் தலைமுறையிலாவது எழுதி முடிக்கலாம்.

*(அடுத்த வாரம்: 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போன பழைய மஸ்கெலியா நகரமும், வறட்சியில் நீர் வற்றும்போது வெளியே தெரியும் அதன் கோவிலும்.)*